தம்பி, ரீபூட் பண்ணுங்கோ

நம் நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் விதிக்கோவையில், தீயணைப்புக் கருவிக்கும் கடவுச்சொல்லுக்கும் நடுவில், யாருக்கும் விளங்காத ஒரு விதி இருக்கிறது. "கணினிகளுக்கு உறவுமுறைப் பெயர் வைக்கக் கூடாது." நீங்கள் அதை வாசித்துவிட்டுச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்களில் ஒருவர், "இது ஆருக்கோ மாமியாரோட பிரச்சினை போல" என்று சொன்னாராம். நல்ல கற்பனை. ஆனால் மாமியார்மாரில் ஒரு பிழையும் இல்லை. அந்த விதி வரக் காரணமாக இருந்தவன் நான்.

ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவனிடம் "பிள்ளைகளுக்குப் பயனுள்ளதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் அவன் என்ன எழுதுவான்? தான் வென்ற கதைகளைத்தான் எழுதுவான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பக்கம் எழுதி வாசித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் கிட்டத்தட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒரு வருடத்தைத் தின்னப் பார்த்த கதையை எழுதுகிறேன். நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் நடந்தது.

அப்போதும் நம் அலுவலகம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் அதே ஒழுங்கையில், அதே மூன்றாம் மாடியில்தான் இருந்தது. லிஃப்ட் அப்போதும் வேலை செய்யவில்லை. இயந்திர அறை கொட்டாஞ்சேனையில் இருந்தது. அங்கே இருந்த ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள்தான் நம் வாடிக்கையாளர்களின் கணினிகள் எல்லாம் குடியிருந்தன. குடியிருந்தன என்றாலும் அவற்றுக்கு உடம்பு கிடையாது. ஒரே பெட்டி, தனக்குள் பத்துக் கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல் பாவனை பண்ணும். வெர்ச்சுவல் மெஷின் என்று நீங்கள் ஸ்டைலாகச் சொல்வது அதைத்தான்.

அதில் இரண்டு, ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்துக்கு உரியவை. அந்த நிலையம் நமக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. ஒன்று அவர்கள் தினமும் வேலை செய்யும் கணினி. மற்றது அதன் நகல், நாங்கள் பரிசோதித்துப் பார்ப்பதற்கு. பெயர் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மற்றவர்கள் எண்ணும் எழுத்துமாக எதையாவது வைப்பார்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரன் இல்லையா, மூத்ததற்கு, அண்ணனை எங்கள் ஊரில் கூப்பிடுவதுபோல, "அண்ணை" என்றும் இளையதற்கு "தம்பி" என்றும் வைத்தேன். இந்தியாவிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒருவர் ஆங்கில எழுத்தில் அதை "அன்னை" என்று வாசித்துவிட்டு, அன்னைக்கு எப்படித் தம்பி பிறந்தார் என்று கேட்டார். அலுவலகமே சிரித்தது. எனக்கு என் பெயர் சூட்டும் திறமையில் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்குக் காலை பதினொரு மணியளவில் அண்ணையின் வலையமைப்பு விலாசத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். வேலை நேரத்தில் கைவைக்கக் கூடாது என்று உங்களுக்குப் படிப்பித்தவன் நான்தான், ஞாபகம் இருக்கிறது. ஒரு நிமிட வேலைதானே என்று நினைத்தேன். ஒரு புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் விட்டுவிட்டு என்டரைத் தட்டினேன். அண்ணைக்கும் வெளியுலகுக்கும் இருந்த தொடர்பு அந்தக் கணமே அறுந்தது. பேப்பர் எடுக்க வெளியே வந்தபோது பின்னால் வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டால் சாரத்தோடு வாசலில் நிற்பீர்களே, அப்படி நின்றேன்.

பதறவில்லை. வலையமைப்பு போனால் கன்சோல் இருக்கிறது. கன்சோல் என்றால் கணினியின் முன்னால் நேரடியாக உட்கார்ந்து தட்டுவதுபோல உள்ளே போகிற கடைசிக் கதவு. தொடர்பு கிடைத்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. என்டர் தட்டினேன். பத்துத் தரம் தட்டினேன். உங்களைப்போல, கோபமாகத் தட்டினால் கேட்கும் என்று நினைத்து ஓங்கியும் தட்டினேன். மௌனம்.

கொட்டாஞ்சேனையில் இருந்த ரிஸ்வானுக்குப் போன் எடுத்தேன். ரிஸ்வானை நீங்கள் அறிவீர்கள், இப்போது உங்கள் மேலாளர், அதனால் அவரைப்பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இருந்தும் நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஒரு நாள் இளையவராக இருந்தாலும் எனக்குத் தம்பிதான். இயந்திர அறையில் நின்றால் அண்ணையின் திரையையே பார்க்கலாம். பாதுகாப்புக்காக அதை அங்கிருந்து மட்டும் பார்க்கும்படி கட்டியிருந்தோம்.

"திரை கறுப்பா இரிக்கி அண்ணன்" என்றார் ரிஸ்வான். "ரீசெட் அடிச்சிருவமா?"

"வேண்டாம். பொறுங்கோ."

எங்கள் அறையில் என்னோடு தர்ஷிகா இருந்தார். சேர்ந்து ஆறு மாதம். கிருலப்பனையிலிருந்து தினமும் பத்து நிமிடம் பிந்தி வருவார், வந்த பத்தாவது நிமிடத்தில் மற்ற எல்லோரையும் முந்திவிடுவார். அவரிடம் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன்:

"பிள்ளை, அண்ணை விழுந்திட்டார். கன்சோலிலயும் பேச்சு மூச்சில்லை."

வாசலில் "ஐயோ!" என்று ஒரு குரல் கேட்டது.

பார்த்தால், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மூன்று மாடி ஏறிய மூச்சோடு, ஒரு பிளாஸ்டிக் ஆவணக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். "எங்க விழுந்தவர்? தண்ணி தெளிச்சனீங்களோ? அம்புலன்சுக்கு அடிச்சாச்சோ?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் கையில் திணித்தார். தர்ஷிகா மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். சிரிக்கிறார் என்று முதுகு குலுங்குவதிலேயே தெரிந்தது.

அண்ணை ஒரு கணினி என்று விளக்கிச் சொன்னேன்.  அந்தப் பெண் போத்தலைத் திருப்பி வாங்கி, தானே அரைவாசி குடித்தார். "அங்கிள், நான் அந்தக் கொம்பியூட்டரைப் பாக்கத்தான் வந்தனான்" என்றார்.

அவர் பெயர் மேனகா. பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருந்த மிஸ், தொல்லை தாங்காமல் அவரை நேரே எங்களிடமே அனுப்பிவிட்டார். விஷயம் இதுதான். கல்யாணமாகி ஐந்து வருடம். கணவர் கனடாவில். கல்யாணம் முடிந்து அவர் போனபோது ஒரு மாதம்கூட ஒன்றாக இருந்திருக்கவில்லை. ஸ்பொன்சர் அலுவல்கள் இழுபட்டு இழுபட்டு, கடைசியில் மருத்துவ அறிக்கை கேட்டிருந்தார்கள். கடிதம் பிழையான விலாசத்துக்குப் போய்ச் சுற்றி வந்ததில் நாள் எல்லாம் போய்விட்டது. அன்றைக்கு மாலை நாலு மணிதான் அறிக்கை அனுப்பக் கடைசி நேரம். தவறினால் கோப்பை மூடிவிடுவார்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் இரத்தம் கொடுத்திருந்தார். முடிவும் வந்திருந்தது. வைத்தியர் பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்புவது மட்டும்தான் மிச்சம். அந்த முடிவு அண்ணைக்குள் இருந்தது.

அண்ணைக்குள் எங்கே இருந்தது என்பதுதான் சிக்கல். அந்த நிலையத்தின் மென்பொருள் ஒரு சோம்பேறி. வைத்தியர் கையொப்பமிடும்வரை அன்றன்றைய முடிவுகளை எங்கும் எழுதிவைக்காது, நினைவிலேயே வைத்திருக்கும். கணினியை ரீசெட் செய்தாலும் சரி, ரீபூட் செய்தாலும் சரி, அத்தனையும் போய்விடும். மறுபடி பரிசோதித்து முடிவு எடுக்க அடுத்த நாளாகும்.

இதை ஒளிக்காமல் மேனகாவிடம் சொன்னேன். மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டி வரலாம் என்று இழுத்தேன்.

"இன்னொருக்கா ரத்தம் குடுக்கிறது எனக்குப் பெரிசில்லை அங்கிள்" என்றார். "இன்னொரு வருஷம் குடுக்கேலாது."

அப்படிச் சொல்லிவிட்டு, எனக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்தார். எழும்பவே இல்லை. பிள்ளைகளே, நீங்கள் டிக்கெட் இலக்கத்தைப் பார்த்து வேலை செய்கிறீர்கள். டிக்கெட் இலக்கம் எதிரே கதிரையில் உட்கார்ந்து உங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை அனுபவித்துப் பாருங்கள். எனக்கு என் பெயரையே சரியாகத் தட்டத் தெரியவில்லை.

ரிஸ்வானிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பெண் வந்து இருக்கிறார், அவருடைய அறிக்கை உள்ளே இருக்கிறது, ஆகவே எக்காரணம் கொண்டும் ரீசெட் இல்லை என்றேன். பன்னிரண்டரைக்கு அவர் மறுபடி கேட்டார். ஒன்றரைக்கும் கேட்டார். இரண்டு தரமும் மறுத்தேன். அண்ணை உயிரோடுதான் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். பெட்டியின் கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்துகொண்டிருப்பது ரிஸ்வானுக்குத் தெரிந்தது. பதில் சொல்லாத கணினி செத்துப்போன கணினி அல்ல. இதை நான் எத்தனை தரம் சொல்லியும் உங்கள் கை நேரே ரீஸ்டார்ட் பட்டனுக்குத்தான் போகிறது. போனமுறை வந்தபோது ஒருவர் சுவர் மணிக்கூட்டின் பற்றறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்.

தர்ஷிகா தம்பிக்குள் போய்ப் பார்த்தார். தம்பியின் வலையமைப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் கன்சோலும் அதேபோல் ஊமை.

"சேர், இது இண்டைக்கு வந்த வருத்தமில்லை" என்றார். "பிறவியிலயே இருக்கு. கன்சோல் கதவு இருக்கு, கதவடியில நிண்டு ஆர் எண்டு கேக்க ஒரு புரோகிராமும் வைக்கேல்லை. இதைக் கட்டினது ஆர்?"

கட்டியது யார் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கோப்பில் பார்த்து என் பெயரைக் கண்டுபிடித்து, மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

பிறகு அவர்தான் வழி சொன்னார். ரிஸ்வான் பார்க்கும் கறுப்புத் திரை முதலாவது திரை மட்டும். அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து திரைகள் ஒளிந்திருக்கும். இரண்டாவது திரைக்கு மாறினால் உள்ளே போகப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கக்கூடும். மாறுவதற்கு ரிஸ்வான் ஒரு பட்டியலிலிருந்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-டூ என்ற விசைகளின் வரியைத் தெரிவுசெய்ய வேண்டும். வில்லங்கம் என்னவென்றால், அதற்கு நேர் மேலே இருக்கும் வரி கன்ட்ரோல், ஆல்ட், டிலீட். அதில் விரல் பட்டால் அண்ணை அந்தக் கணமே ரீபூட் ஆகும்.

"அப்ப முதல்ல தம்பியில செய்து பாப்பம்" என்றேன். அது நல்ல முடிவு. அன்றைக்கு நான் எடுத்த ஒரே நல்ல முடிவும் அதுதான். அதற்கு முந்திய மாதம் நாங்கள் நோண்டியதில் தம்பியின் திரை வேறு கோலத்தில் கிடந்தது. அதை ஒருமுறை ரீபூட் செய்தால் அண்ணையைப் போலவே கறுப்புத் திரையோடு எழும்பும். ஒத்திகை சரியாக அமையும். தர்ஷிகா தம்பிக்குள்ளேயே இருந்தார், ஒரு வரி தட்டினால் அவரே அதைச் செய்திருப்பார். ஆனால் போன் என் கையில் இருந்தது. இருபத்தெட்டு வருடம் கட்டளையிட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

மணி இரண்டரை. ரிஸ்வானுக்கு எடுத்தேன். ஒத்திகையைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, நேரமில்லை என்று நினைத்தேன்.

"தம்பி, ரீபூட் பண்ணுங்கோ" என்றேன்.

ரிஸ்வான் திருப்பிக் கேட்டார்: "நிச்சயமா செய்யவா அண்ணன்?"

"ஓம் தம்பி. பயப்பிடாதேங்கோ."

"இல்ல அண்ணன், ஒரு விசயம் கேக்க..."

"சொன்னதைச் செய்யும்!" என்று வெடித்தேன். "நேரம் போகுது. கேள்வி கேக்கிற நேரமே இது?"

போனை வைத்துவிட்டேன். உடனே அவர் திருப்பி எடுத்தார். பரிசோதனை நிலையத்து மிஸ் மற்ற இணைப்பில் என்னைக் கிழித்துக்கொண்டிருந்ததால், ரிஸ்வானின் அழைப்பை வெட்டினேன். மறுபடி எடுத்தார். மறுபடி வெட்டினேன். இந்த மனுசனுக்குச் சொன்ன வேலையைச் செய்யத் தெரியாதா என்று வாய்விட்டே ஏசினேன். மேனகாவுக்கும் கேட்டது.

ஐந்து நிமிடம் கழித்துத் தர்ஷிகாவிடம் கேட்டேன், "தம்பி எழும்பிட்டுதோ?"

அவர் தன் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர், தம்பி விழவே இல்லையே. நான் இன்னும் உள்ளுக்குத்தான் நிக்கிறன்."

உங்களுக்கு விளங்கிவிட்டிருக்கும். எனக்கு விளங்க மூன்று நொடி எடுத்தது. தம்பி ரீபூட் ஆகவில்லை. நான் ரீபூட் செய்யச் சொன்னேன். அப்படியென்றால் ரிஸ்வான் எதை ரீபூட் செய்தார்?

"தம்பி ரீபூட் பண்ணுங்கோ." தம்பி என்ற கணினியை ரீபூட் பண்ணுங்கள் என்று நான் சொன்னேன். தம்பி ரிஸ்வானே, ரீபூட் பண்ணுங்கள் என்று அவர் காதில் விழுந்திருக்கும். காலையிலிருந்து அங்கே கெட்டுப்போய்க் கிடந்தது ஒரே ஒரு கணினிதான். கடைசியாக அண்ணன் மனம் மாறிவிட்டார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போதாக்குறைக்கு, "ஓம் தம்பி, பயப்பிடாதேங்கோ" என்று முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தேன். தம்பியை என்று ஒரு "ஐ" போட்டுச் சொல்லியிருந்தால் போதும். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, பரீட்சைக்கு மட்டும் உதவும் என்று நினைத்திருந்தேன். அது கொட்டாஞ்சேனையில் ஒரு கணினியைக் கொல்லும் என்று தமிழ் வாத்தியார் சொல்லித் தரவில்லை.

ரிஸ்வானுக்கு எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். எடுக்கவில்லை. 

"என்ன அங்கிள்?" என்றார் மேனகா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான் ஒரு பிழை விட்டிட்டன் எண்டு நினைக்கிறன் பிள்ளை" என்றேன்.  அவர் தன் ஆவணக் கோப்பை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கம் கெட்டு உங்களிடம் சொல்கிறேன்.

அப்போதுதான் தர்ஷிகா தன் போனைப் பார்த்துவிட்டு, "சேர், ரிஸ்வான் அண்ணா எனக்கொரு மெசேஜ் போட்டிருக்கிறார். நான் பகிடி எண்டு நினைச்சு விட்டிட்டன்" என்றார். வாசித்தேன். இரண்டே சொல்.

"தம்பி நானா?"

ரிஸ்வானின் ஆட்கள் அண்ணனை நானா என்று கூப்பிடுவார்கள். தம்பி, நானா, அண்ணை என்று உறவுமுறையில் ஏதோ விளையாட்டு விடுகிறார் என்று தர்ஷிகா சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறார். அந்த மனிதரோ தொண்டை கிழியக் கேட்டிருக்கிறார்: நீங்கள் தம்பி என்று சொன்னது என்னையா, மெஷினையா என்று. என்னிடம் கேட்டார், ஏசினேன். திருப்பி எடுத்தார், வெட்டினேன். தர்ஷிகாவிடம் கேட்டார், சிரிப்பு வந்தது. கேட்க இனி யார் மிச்சம்?

கொட்டாஞ்சேனைக் கட்டடத்தின் காவலாளிக்கு எடுத்தேன். ரிஸ்வான் எங்கே என்று சிங்களத்தில் கத்தினேன்: "மல்லி, ரிஸ்வான் கோ?" மல்லி என்றால் என்ன? தம்பி. பாருங்கள், அந்த நிலைமையிலும் என் வாய்க்கு வேறு சொல் வரவில்லை.

அவர் ஆற அமர, "எளியே இன்னவா சேர். ப்ளேன்டீ பொனவா" என்றார். வெளியே நிற்கிறாராம். பிளேன்டீ குடிக்கிறாராம்.

வேலையை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கிறார் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். காவலாளி தன் போனைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார்.

"ரிஸ்வான், ரீபூட் பண்ணிட்டீரோ?"

"இல்ல அண்ணன்."

"என்ன?"

"இன்னம் கைவெக்கல்ல. தம்பின்டு செல்றீங்க. என்னைச் செல்றீங்களா மெஷினைச் செல்றீங்களான்டு விளங்கல்ல. கேட்டாலும் ஏசறீங்க. உள்ளுக்கு நின்டா நீங்க திரும்ப எடுத்து ஏசுவீங்க, நான் பயத்துல அமத்திருவன். அதான் போனை மேசையில வெச்சிட்டு வெளிய வந்து நிக்கிறன்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். சரியாகச் சொன்னால் விழுந்தேன். "நான் கத்தின கத்துக்கு வேற ஆளா இருந்தால் செய்திருப்பான்" என்றேன்.

"நீங்க ஏசினது பின்னேரம் போயிரும் அண்ணன்" என்றார் ரிஸ்வான். "அந்த அக்காட ரிப்போட் போனா வருமா?"

மேனகாவைப் பார்த்து, "இருக்குது பிள்ளை, இருக்குது" என்றேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு நடந்ததை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, நீங்களே செய்வீர்கள். தம்பியை, இந்த முறை ஐ போட்டு, ரீபூட் செய்தோம். ரிஸ்வான் பட்டியலின் வரியை உரக்க வாசித்துவிட்டு, நான் ஓம் என்றபின் அதைத் தெரிவுசெய்தார். இரண்டாவது திரை வந்தது, பெயர் கேட்டது. மூன்று தரம் ஒத்திகை பார்த்தோம். பிறகு அண்ணைக்குப் போனோம். அங்கேயும் அதே வரி, அதே வாசிப்பு. கறுப்புத் திரை போய், உள்ளே வர விரும்புகிறவர் யார் என்று அண்ணை பணிவோடு கேட்டது. ரிஸ்வான் உள்ளே போய், நான் விட்ட புள்ளியை வைத்தார். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வலையமைப்பு வந்தது. மேனகா படிகளில் இறங்கி ஓடிய சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. நாலு மணிக்குப் பதினேழு நிமிடம் இருக்கும்போது, அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்று மிஸ் போனில் சொன்னார். என்னை ஏசவும் மறக்கவில்லை.

கதை இங்கே முடிந்தால் எனக்கு வசதிதான். ஆனால் அன்று மாலை நம் முதலாளி எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். நெருக்கடியிலும் நிதானம் இழக்காமல் தரவைக் காப்பாற்றிய மூத்தவர் என்று என்னைப் புகழ்ந்திருந்தார். ரிஸ்வானின் பெயர் அதில் இல்லை. இல்லை, அப்படியல்ல என்று பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன். நாளைக்கு எழுதலாம் என்று வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் இரண்டு நாளாகி ஒரு கிழமையானது. பாராட்டு என்பது லேசான சாமான் இல்லை, பிள்ளைகளே. பிழையான விலாசத்துக்கு வந்தாலும் திருப்பி அனுப்ப மனம் வராது. ரிஸ்வான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் போலும்.

எட்டாம் நாள் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், "அண்டைக்கு ரீபூட் பண்ணச் சொன்னது நான். பண்ண மாட்டன் எண்டு நிண்டது ரிஸ்வான்" என்று சொன்னேன்.  முதலாளி அங்கேயே, உறவுமுறைப் பெயர் வைக்கக் கூடாது என்ற அந்த விதியை எழுதச் சொன்னார். ரிஸ்வான் கூச்சத்தில், "விடுங்க அண்ணன், பழைய கதை" என்றார். அதற்குப்பின் நான் என்ன சொன்னாலும் அவர் மூன்று தரம் கேட்பார். ஃபேனைப் போடச் சொன்னால்கூட எந்த ஃபேன் என்று கேட்பார். எரிச்சல் வரும், ஆனால் ஏசவில்லை. சரி, இரண்டு தரம் ஏசினேன்.

ஐந்து மாதம் கழித்து மேனகா மறுபடியும் மூன்று மாடி ஏறி வந்தார். விசா கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பயணம். வீட்டில் சுட்ட பயற்றம்பணியாரம் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து எனக்கு நீட்டினார். வாங்கக் கை போனது, உண்மையைச் சொல்கிறேன், வாசம் அப்படி. ஆனால், "நீங்கள் தேடி வந்த ஆள் நானில்லை பிள்ளை, வாங்கோ" என்று கூப்பிட்டு, ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். போகும் வழி முழுக்க நடந்ததை நடந்தபடி சொன்னேன், நான் கத்தியது உட்பட. அவர் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இயந்திர அறை வாசலில் ரிஸ்வான் நின்றார். மேனகா அவருக்கு முன்னால் போய், பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். கண் கலங்கி இருந்தது.

ரிஸ்வான் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு அக்கா இதெல்லாம்? நான் ஒன்டும் செய்யல்லையே."

"அதுக்குத்தான்" என்றார் மேனகா.